கழுத்து மணியின் ஓசை

தை பிறந்ததும் மாட்டுப் பொங்கல் வருகின்றது. அதன் ஆரவாரம் அடங்குமுன்னரே, ஜனவரி 17-ஆம் நாள், வனத்து அந்தோனியாரின் திருநாளும் வந்துவிடுகின்றது. எகிப்தின் பாலைநிலத்தில் தனித்து வாழ்ந்த ஒரு துறவியின் நாளிலே ஆடுமாடுகளுக்கு ஆசி வழங்கும் வழக்கம் பல நாடுகளில் நிலைத்திருப்பது ஏன் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. தனிமையை நாடிச் சென்றவருக்கும் தொழுவத்தில் நிற்கும் மாட்டிற்கும் என்ன உறவு? இக்கேள்விக்கு விடை போன்ற ஒன்றை, சற்றும் எதிர்பாராத இடத்தில், இரு திரைப்படங்களில் நாம் கண்டோம். ஒன்று தென் கொரிய நாட்டது. மற்றொன்று நம் உசிலம்பட்டிச் சீமையது.

திரைப்படம் நம் சமவெளிக்குப் புதிதன்று. 1935-இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை உருவாக்கியது. ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கின்றது. ஆனால் நாம் பேசப்போகும் படங்களில் வாள்வீச்சும் இல்லை, வசன மழையும் இல்லை. இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அடுத்தடுத்த இரு மாலைகளில் சிலரோடு அமர்ந்து இவற்றைப் பார்த்தோம். எம் அருகில் எழுபது வயதைக் கடந்த உழவர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் அமர்ந்திருந்தனர்.

கொரியப் படம் லீ சுங்-ரியோல் இயக்கிய ஆவணப்படம். அதன் பெயர் 'வொனாங் சோரி'. மாட்டின் கழுத்து மணியோசை என்பது பொருள். 2009 ஜனவரியில், நம் பொங்கல் நாட்களை ஒட்டியே, அது கொரியத் திரையரங்குகளுக்கு வந்தது. நடிகர் எவரும் இல்லாத அப்படத்தை ஏறத்தாழ 29 இலட்சம் மக்கள் கண்டனர். தனிமுயற்சியில் எடுக்கப்பட்ட கொரியப் படம் எதற்கும் அதுவரை அத்தகைய வரவேற்பு கிட்டியதில்லை.

கதை மிகச் சிறிது. போங்வா என்னும் மலைசார்ந்த பகுதியில் எண்பதை நெருங்கும் உழவர் ஒருவர் வாழ்கின்றார். ஒரு கால் சிறுவயதிலேயே முடங்கியது. செவியும் மந்தம். அவரோடு முப்பது ஆண்டுகள் உழைத்த மாட்டிற்கு நாற்பது வயது. அது இன்னும் ஓராண்டுதான் இருக்கும் என்று கால்நடை மருத்துவர் கூறிவிடுகின்றார். அந்த ஓராண்டே படம். அயலார் இயந்திரத்தால் நடவும் அறுவடையும் செய்ய, இவர் மாட்டைக் கொண்டே உழுகின்றார். பூச்சிமருந்து தெளிக்க மறுக்கின்றார். தெளித்தால் வரப்புப் புல்லைத் தின்னும் மாட்டிற்கு நஞ்சாகும் அல்லவா? மனைவி பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் கேளாத அந்தச் செவிக்கு, கழுத்து மணியின் சிறு அசைவு மட்டும் கேட்கின்றது.

படம் தொடங்கிய சிறிது நேரத்திற்குள், திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் படிக்க இயலாத நம் உழவர், "மாட்டுக்குப் பின்னங்கால் நோவுதுங்க, பாருங்க, ஊன மாட்டேங்குது" என்றார். மருத்துவர் வரும் காட்சி அதற்குப் பின்னரே வந்தது. மொழி தெரியாத நாட்டின் துயரத்தை, மாட்டை அறிந்த ஒருவர் நமக்கு முன்பே படித்துவிட்டார்.

இரண்டாவது படம் மணிகண்டன் எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கி, 2022 பிப்ரவரியில் வெளிவந்த 'கடைசி விவசாயி'. மாயாண்டி என்னும் முதியவராக நல்லாண்டி என்ற உழவரே நடித்தார். படம் வெளிவருமுன் அவர் காலமாகிவிட்டார். 2021-ஆம் ஆண்டிற்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தேர்வு பெற்றது. நல்லாண்டிக்குச் சிறப்புக் குறிப்பும் வழங்கப்பட்டது. மாயாண்டிக்கும் காது மந்தம் என்பது தற்செயலான ஒற்றுமையே. ஊர்த் தெய்வத்திற்கு நீண்ட காலம் நின்றுபோன வழிபாட்டை மீண்டும் நடத்த ஊரார் முனைகின்றனர். அதற்குப் புது நெல் வேண்டும். நிலத்தை விற்றுவிட்ட ஊரில், பயிரிடத் தெரிந்தவராய் எஞ்சியிருப்பவர் மாயாண்டி ஒருவரே. அவர் சிறு பாத்தியில் விதைக்கின்றார். வயலருகே மயில்கள் இறந்து கிடக்கின்றன; இரங்கி அவற்றைப் புதைக்கின்றார். தேசியப் பறவையைக் கொன்றதாக அவர்மீதே வழக்குப் பாய்கின்றது. நீதிமன்றத்தில் அவருக்கு இருக்கும் ஒரே கவலை, "பயிருக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது?" என்பதே. அவர் குற்றமற்றவர் என உணர்ந்தும் சட்ட நடைமுறையை மீற இயலாத பெண் நடுவர், காவலர் ஒருவரையே பயிருக்கு நீர் பாய்ச்ச அனுப்புகின்றார்.

இவ்விரு படங்களும் எளிமையைப் பற்றி நமக்குக் கூறுவது யாது? எளிமை என்றால் பொருள்களைக் குறைத்துக் கொள்வது என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். இம்முதியவர்களோ எதையும் துறந்தவர்கள் அல்லர். தாங்கள் அறிந்த ஒரு செயலுக்கு இறுதிவரை உண்மையாய் இருந்தவர்கள்; அவ்வளவே. மாட்டிற்கு நஞ்சாகும் என்பதால் கொரியர் மருந்தை மறுக்கின்றார். விதையில்லாத தக்காளியைக் கடையில் கண்டு மாயாண்டி சினங்கொள்கின்றார். விதையில்லாத ஒன்றை உண்டாக்கியவன் எத்தகையவனாய் இருப்பான் என்பது அவருக்கு விளங்கவில்லை. தாம் எளிமையாக வாழ்கின்றோம் என்ற எண்ணமே இருவருக்கும் இல்லை. அந்த எண்ணம் இல்லாததாலேயே அவர்களின் எளிமை நம்மைத் தொடுகின்றது.

தனிமையும் அவ்வாறே. மாயாண்டியின் வீட்டில் வேறு எவரும் இல்லை. ஆயினும் அவர் தனித்தவராகத் தோன்றுவதில்லை. விடியலில் எழுந்து நிலத்திற்குச் செல்கின்றார். பயிர் அவருக்காகக் காத்திருக்கின்றது. இறந்துபோன காதலி தன்னுடனே இருப்பதாக எண்ணி மூட்டைகளைச் சுமந்து திரியும் இராமையா என்னும் பாத்திரமும் அப்படத்தில் உண்டு. ஊர் அவனைப் பித்தன் என்கின்றது. மாயாண்டியோ அவனுக்குச் சோறிட்டுப் பேச்சுக் கொடுக்கின்றார். தன் தனிமையில் அமைதி கண்டவரே பிறர் தனிமைக்கு இடம் தர வல்லவர் என்று நாம் இதைப் புரிந்துகொண்டோம். இயேசுவும் தனிமையான இடத்தை நாடிச் சென்றார். தேடி வந்த மக்களைக் கண்டதும் அவர்கள்மீது பரிவு கொண்டார். அத்தனிமை மனிதரை விட்டு ஓடுவதன்று.

இதுவரை கூறியது புகழுரை. விமர்சனம் இனித்தான் தொடங்க வேண்டும்.

கொரியப் படத்தில் மூன்றாம் பாத்திரம் ஒன்று உண்டு. அது உழவரின் மனைவி. படம் முழுவதும் அவர் புலம்பிக்கொண்டே இருக்கின்றார். இயந்திரம் வாங்காத கணவர், மருந்து தெளிக்காத கணவர், தம்மைவிட மாட்டையே மேலாகப் பேணும் கணவர். இவரை மணந்ததால் தம் வாழ்வு களை பிடுங்குவதிலேயே தேய்ந்தது என்கின்றார். திரையரங்குகளில் மக்கள் இப்புலம்பலைக் கேட்டுச் சிரித்தார்கள். எம் அருகிலிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவரே. நம் உழவரின் துணைவியார் மெல்லச் சொன்னார்: "அந்த அம்மா சொல்றதுதாங்க நெசம். மருந்தடிக்காத காட்டுல களை புடுங்குனது ஆரு?"

அச்சொல்லுக்குப் பின் அப்படத்தை நாம் வேறு கண்ணோடு பார்க்க நேர்ந்தது. கணவரின் எளிமைக்கு விலை கொடுத்தவர் மனைவி. அவர் தேர்ந்தெடுத்த வாழ்வை, தேர்ந்தெடுக்காமலேயே சுமந்தவர் அந்த அம்மையார். ஒன்பது மக்களைப் பெற்று வளர்த்ததும் அவரே. இயக்குநர் இதை மறைக்கவில்லை என்பதே அப்படத்தின் பெருஞ்சிறப்பு. புலம்பலை வெட்டி எறிந்திருந்தால் படம் அழகிய ஓவியமாக முடிந்திருக்கும். அதை விட்டுவைத்ததால் அது உண்மையாயிற்று.

'கடைசி விவசாயி'யில் இக்குரல் இல்லை. மாயாண்டியின் வீட்டில் பெண் இல்லை. ஆகவே அவர் எளிமைக்கு எவரும் கணக்குக் கேட்பதில்லை. அவர் பிழை ஏதும் செய்யாத பெரியவராகவே தொடக்கம் முதல் இறுதி வரை வருகின்றார். மதிப்பிற்குரிய அப்படத்தின் குறை இதுவே என்பது நம் கருத்து. புனிதரின் உருவத்தைப் பீடத்தில் ஏற்றுவது எளிது. அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவரைக் கேட்டால்தான் முழு வரலாறும் வெளிப்படும். ஆனால் கொரியப் படத்தில் குறைவாகவே காணப்படும் ஒன்று மணிகண்டன் படத்தில் நிறைவாக உண்டு. ஒரு முதியவரின் பயிருக்கு நீர் பாய்ச்சுவது நீதிமன்றத்தின் கடமையும் ஆகும், காவலரின் வேலையும் ஆகும் என்று அப்படம் காட்டுகின்றது. எளிய வாழ்வு பிறர் கைகொடுக்காமல் நிலைக்காது.

வனத்து அந்தோனியாரின் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் ஒரு செய்தியைக் குறித்து வைத்துள்ளார். பெற்றோரை இழந்த இளைஞர் அந்தோனியாருக்கு ஒரு தங்கை இருந்தாள். நற்செய்தி வாக்கைக் கேட்டு உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தவர், தங்கையை நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்த பின்னரே தவ வாழ்வில் இறங்கினார். துறவு தொடங்குமுன் அவர் எண்ணிப் பார்த்தது, 'என் தனிமையால் வேறு எவருக்குத் தனிமை நேரும்?' என்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது. 1623-இல் மதுரையிலிருந்து வடக்கே நடந்து நம் சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் அடைந்த தத்துவ போதகர் தெ நொபிலியும் ஒரு வேளை மரக்கறி உணவோடு துறவியாகவே வாழ்ந்தார். அவர்தம் எளிமை மக்களை நெருங்குவதற்கான வழியாயிற்று.

நம் சமவெளிக்கு இப்படங்கள் ஏன் வேண்டும்? நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கு மாடுகள் முன்னும் பின்னும் நடந்து கவலை இறைத்தன. பின் மின்மோட்டார் வந்தது. பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் சென்று நிலத்தைத் துளைக்கின்றன. நாமக்கல்லின் லாரிகளும் கோழிப் பண்ணைகளும், சேலத்தின் ஜவ்வரிசி ஆலைகளும் பலரைப் பசியிலிருந்து மீட்டன. அதை நாம் இகழ்ந்து பேசுவது நன்றிகெட்ட செயல். கவலை ஓட்டியவரின் முதுகு வலியை அறியாதவரே கவலை ஏற்றத்தைப் பற்றி ஏக்கத்தோடு பாடுவர். ஆயினும் பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கடல் கடந்தும் சென்றபின், குச்சிக்கிழங்குக் காட்டின் நடுவே, ஓட்டு வீட்டில், ஒரு மாட்டோடும் ஓர் ஆட்டுக் குட்டியோடும் எஞ்சியிருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய வாழ்வை 'எளிமை' என்று நாம் பெயரிட்டுவிட்டால் நம் மனச்சான்று உறங்கிவிடும். தேர்ந்துகொண்ட எளிமை வேறு, கைவிடப்பட்ட நிலை வேறு.

கொரியப் படத்தில் விழாவிற்கு வந்த மக்கள், மாட்டை விற்றுவிடும்படி தந்தையிடம் கூறுகின்றனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெற்றோருக்கு ஓய்வு வேண்டும் என்றே கூறுகின்றனர். முதியவர் சந்தைக்கும் மாட்டை ஓட்டிச் செல்கின்றார். அங்கே கிழட்டு மாட்டைப் பார்த்து வணிகர் நகைக்கின்றனர். அவரோ எவரும் தராத பெரும் விலையைச் சொல்லி, மாட்டோடு வீடு திரும்புகின்றார். பின்னொரு நாள் மாடு எழவே முடியாமல் படுக்கின்றது. மூக்கணையை அறுத்து, மணியைக் கழற்றி, அதை விடுவிக்கின்றார். வீட்டருகே விறகு அடுக்கப்பட்டிருக்கின்றது. இருவரும் குளிர் காய வேண்டிய விறகை அந்த மாடு முன்கூட்டியே சுமந்து வைத்துவிட்டுப் போயிற்று.

படம் வெற்றி பெற்றபின் நிகழ்ந்தது நமக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை. அத்தம்பதியரைக் காண ஊடகத்தாரும் பயணிகளும் அவர்கள் வீட்டிற்கே திரண்டனர். அவர்களை அமைதியாக வாழவிடுங்கள் என்று படத்தை எடுத்தவர்களே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. எளிமையைக் கண்டு உருகியவர்களே அந்த எளிமையைக் குலைத்தனர். பிறரது தனிமையை வேடிக்கை பார்ப்பது அதை மதிப்பதாகாது. இக்கட்டுரையை எழுதும் நாமும் இக்குற்றத்திலிருந்து முற்றிலும் விலகியவர் அல்லர்.

இரண்டாம் நாள் இரவு திரையை அவிழ்த்தபோது, நம் உழவர் எதுவும் பேசவில்லை. துணைவியாரிடம் மட்டும், "நாளைக்குத் தட்டு நான் அறுத்துப் போடறேன், நீ படு" என்றார். அம்மையார், "பாக்கலாம்" என்று சொல்லிச் சிரித்தார். ஒரு திரைப்படம் இதைவிடப் பெரிய பயனைத் தரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

அன்பு வாசகர்களே, அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு ஊர் செல்லும்போது, "மாட்டை வித்துடுங்கப்பா" என்று தொடங்குமுன், ஒரு நாளேனும் அந்தத் தொழுவத்தைக் கூட்டிப் பார்ப்போம். அப்பாவின் பிடிவாதத்தைப் புகழுமுன், அம்மாவின் கைகளையும் ஒரு முறை பார்ப்போம்.