விசாரணையாளரின் பதிவேடும் கிராமத்தின் குரலும்
– 'மோந்தாயூ' நூலை முன்வைத்துச் சில கேள்விகள்

மத்தியகால ஐரோப்பா என்றதும் மன்னர்களும் பாப்பரசர்களும் சிலுவைப் போர்களுமே எமக்கு நினைவுக்கு வருகின்றன. பாடசாலையில் நாம் படித்த ஐரோப்பிய வரலாறும் அத்தகையதே. உழுதவரும் ஆடு மேய்த்தவரும் கட்டிய வரியின் தொகையாகவும் கொள்ளைநோயில் இறந்தோரின் தொகையாகவுமே அதில் இடம்பெற்றனர். இந்நிலையை மாற்ற முனைந்தவர்களில் 1929இல் மார்க் புளொக்கும் லூசியன் ஃபெவரும் தொடங்கிய 'அனால்' சஞ்சிகையைச் சூழ்ந்து உருவான பிரெஞ்சு ஆய்வாளர்கள் முக்கியமானவர்கள். அவர்களின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த இமானுவேல் லெ ருவா லதூரி (2023இல் காலமானார்) 1975இல் வெளியிட்ட நூல்தான் 'மோந்தாயூ'.

பிரான்சின் தெற்கே, பிரெனே மலைச்சாரலில், ஏறத்தாழ இருநூற்றைம்பது பேர் வாழ்ந்த ஒரு குக்கிராமம் மோந்தாயூ. இந்த உலகைப் படைத்தது நல்ல கடவுளல்ல, தீய சக்தியே என்று நம்பிய 'கதார்' சமயத்தின் கடைசி வேர்கள் அங்கே எஞ்சியிருந்தன. திருச்சபை அவர்களைப் பதிதர் என்றது. 1308இல் கிராமத்தின் வயதுவந்தோர் அனைவரும் மதவிசாரணையாளரால் கைதுசெய்யப்பட்டனர். பின்னர், 1318 முதல் 1325 வரை, பாமியே நகரின் ஆயரான ழாக் ஃபூர்னியே என்பவர் 98 வழக்குகளை விசாரித்து, ஒவ்வொருவரும் சொன்னதை விரிவாக எழுதுவித்தார். விசாரிக்கப்பட்டவர்களில் 25 பேர் மோந்தாயூவைச் சேர்ந்தவர்கள். 1334இல் ஃபூர்னியே பன்னிரண்டாம் பெனடிக்ற் என்ற பெயரில் பாப்பரசரானார். அவருடைய பதிவேடு இன்றும் வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. 1965இல் ழான் துவெர்னுவா அதனை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். லதூரியின் நூல் இந்தப் பதிவேட்டின் மீதே எழுப்பப்பட்டது.

நூலின் சாதனையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வீடு எவ்வாறு இயங்கியது, யார் யாருக்குப் பேன் பார்த்தார்கள், இறந்த பிள்ளைக்காகத் தாய் எப்படி அழுதாள், இடையர்கள் குளிர்காலத்தில் மந்தைகளை எங்கு கொண்டு சென்றார்கள் என்பதெல்லாம் இதில் வருகின்றன. பங்குக் குருவான பியேர் கிளேர்க் இரகசியமாகக் கதார்களின் பக்கம் நின்றபடி, பெண்களையும் அதிகாரத்தையும் ஒருசேரத் தன் கையில் வைத்திருந்தார். அவரோடு கொண்ட உறவு இருவருக்கும் இன்பமாயிருந்தபடியால் அது பாவமென்று தனக்குத் தோன்றவில்லை என்று கிராசித் லிசியே என்ற இளம் பெண் ஆயரின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். எழுத்தறியாத ஓர் உழவர் வீட்டுப் பெண் பாவம் என்பதற்குத் தானே ஒரு வரைவிலக்கணம் தருகிறாள். அரசவை ஆவணங்கள் எவற்றிலும் இது கிடைக்காது.

ஆனால் எமது கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. கிராசித் யாரிடம் இதைச் சொன்னாள்? ஏன் சொன்னாள்?

லதூரி தனது முன்னுரையில் விசாரணை மன்றத்தைப் பற்றிப் பேசுகிறார். ஃபூர்னியே விடாப்பிடியானவர், நுணுக்கமானவர், சித்திரவதையை ஒரேயொரு வழக்கில்தான் பயன்படுத்தினார் என்கிறார். (தொழுநோயாளர் நீர்நிலைகளுக்கு நஞ்சிட்டனர் என்று 1321இல் பரப்பப்பட்ட கட்டுக்கதை சார்ந்த வழக்கு அது.) இதன் பின்னர் ஆயர் மெல்ல மறைந்துபோகிறார். அதற்கடுத்து வருவதெல்லாம் கிராமம் தானாகவே பேசுவதுபோல ஆகிவிடுகிறது. ரெனாட்டோ ரொசால்டோ 1986இல் எழுதிய கட்டுரையில் இதனையே குறிப்பிட்டார்: அதிகாரத்தை வாசலில் வைத்து அறிமுகப்படுத்திவிட்டு, உள்ளே நுழைந்ததும் அதை மறந்துவிடும் எழுத்துமுறை இது, மதவிசாரணையாளர் இங்கே மானிடவியலாளராக மாற்றப்படுகிறார்.

சிறைச் சங்கிலியும், ரொட்டியும் நீருமான தண்டனையும், மேலாடையில் தைத்துக்கொண்டு திரியவேண்டிய மஞ்சள் சிலுவையும் காத்திருக்கையில் சொல்லப்பட்ட சொல்லை 'மனம் திறந்த பேச்சு' என்று வாசிக்கமுடியுமா? சித்திரவதை இல்லை என்பதனால் வன்முறை இல்லை என்றாகிவிடுமா?

மொழி பற்றியும் கேட்க வேண்டியுள்ளது. அந்த மக்கள் பேசியது ஒக்சித்தான். எழுதப்பட்டது இலத்தீன். பதிவேட்டில் பெரும்பாலும் 'அவள் இவ்வாறு சொன்னாள்' என்று படர்க்கையில் இருப்பது லதூரியின் பக்கங்களில் பல இடங்களில் 'நான்' என்ற தன்மைக் கூற்றாக மாறுகிறது. லியோனார்ட் பொயில் 1981இல் இலத்தீன் மூலத்தோடு ஒப்பிட்டு நூலின் பல தவறுகளைச் சுட்டிக்காட்டினார். நாம் 'கேட்கும்' குரல், நொத்தாரிசும் பதிப்பாசிரியரும் வரலாற்றாசிரியரும் ஒருவர்பின் ஒருவராகக் கைவைத்த குரல்.

இதெல்லாம் புலமையாளரின் நுண்விவாதம் என்று எம்மால் ஒதுக்கிவிட முடியாது. எம்மில் பலர் அத்தகைய ஓர் அறையில் இருந்து எழும்பி வந்தவர்கள். தமிழில் சொன்னோம். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சொன்னார். அதிகாரி தன் மொழியில் எழுதினார். கேட்டதற்குப் பதில் சொன்னோம், கேளாதது பதிவாகவில்லை. முதல் விசாரணைக்கும் இரண்டாவது விசாரணைக்கும் இடையே ஒரு திகதி பிசகினால் முழுக் கதையும் பொய்யென்று முடிவாயிற்று. ஐந்நூறு ஆண்டுகளின் பின் ஒருவர் அந்தக் கோப்புகளைத் திறந்து 'இருபதாம் நூற்றாண்டின் ஈழத்தமிழர் வாழ்வு' என்று நூலெழுதினால், அதில் வருபவர்கள் நாமாக இருப்போமா?

பதிவேட்டில் அகதிகளும் உண்டு. மோந்தாயூவிலிருந்து தப்பியோடிய சிலர் மலைகளைக் கடந்து வலென்சியப் பகுதியின் சன் மத்தேயோ என்னும் ஊரில் குடியேறியிருந்தனர். அங்கே சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்த ஆர்னோ சீக்ர் என்பவன் தெருவால் போன கியெமெத் மோரி என்ற பெண்ணோடு பேச்சுக் கொடுக்கிறான். அவள் தன் ஊர் வேறென்று பொய் சொல்கிறாள். பேச்சு காட்டிக்கொடுத்துவிடுகிறது, நீ மோந்தாயூப் பக்கத்தவள் என்கிறான் அவன். நம்பிக்கையாளன்போல நடித்து அவர்களுடைய வீட்டில் உண்டு, ஆயரிடம் பணம் பெற்று, அவர்களுடைய குருவான கியோம் பெலிபாஸ்தை எல்லைக்கு வெளியே அழைத்துச் சென்று பிடித்துக்கொடுக்கிறான். 1321இல் பெலிபாஸ்த் எரிக்கப்பட்டார். சீக்ருடைய தாயும் பதிதை என்று எரிக்கப்பட்டவள்தான். பறிமுதலான அவளது சொத்தை மீட்பதற்காகவே அவன் இதைச் செய்தான். அந்த அகதிகள் என்ன உண்டார்கள், என்ன பேசினார்கள் என்பதற்கு இன்று எஞ்சியுள்ள மிகச்சிறந்த சான்றுகளில் ஒன்று இந்த உளவாளியின் வாக்குமூலம்! லதூரி இதனை வேண்டிய மட்டும் பயன்படுத்துகிறார். ஆனால், காட்டிக்கொடுப்பவனின் கண்ணால் ஒரு புகலிடச் சமூகத்தைப் பார்க்கிறோம் என்ற சங்கடம் அவரது எழுத்தைத் தொடவில்லை.

அப்படியானால் இத்தகைய ஆவணங்களைத் தூக்கியெறிந்துவிடலாமா? எல்லாமே அதிகாரத்தின் சொல்லாடல், அதற்கப்பால் எதுவுமில்லை என்று சொல்வது எம்மத்தியிலும் ஒரு நாகரிகமாயிற்று. இதனையும் நாம் மறுக்க வேண்டும். ஆயர் ஒருமுறை வாயடைத்தார். இந்த வாதம் அவர்களை இரண்டாந் தடவை வாயடைக்கிறது. கார்லோ கின்ஸ்பேர்க் காட்டிய வழி கூடுதல் பயனுள்ளது. கேள்வியும் பதிலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் இடங்களைத் தேடு என்கிறார் அவர். பெயாத்ரிஸ் து பிளானிசோலின் பொருட்களைச் சோதித்தபோது உலர்ந்த தொப்புள்கொடிகள் அகப்பட்டன. ஆயர் சூனியத்தைத் தேடுகிறார். அவளோ, அவை தன் பேரப்பிள்ளைகளுடையவை என்றும், வைத்திருந்தால் வழக்கில் தோற்கமாட்டாய் என்று ஒருத்தி சொன்னதால் வைத்திருந்ததாகவும் சொல்கிறாள். ஆயர் எதிர்பார்த்த விடை இதுவல்ல. விசாரணையாளரின் அச்சில் அடங்காத இத்தகைய இடங்களில்தான் அவளது குரலுக்கு நாம் மிக அண்மையில் செல்கிறோம்.

எமது மத்தியகாலத்தை வாசிக்கும்போதும் இந்தப் பயிற்சி தேவை. தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் கம்மாணசேரியும் வருவது வரியிலிருந்து கழிக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில், சுடுகாட்டோடு சேர்த்து. அங்கு வாழ்ந்தவர்களுக்கு வாக்குமூலம் சொல்லும் கொடுப்பினைகூட இருக்கவில்லை. சோழப் பெருமை பேசும் எம்மவர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகின்றனர்.

'மோந்தாயூ' வாசிக்கப்பட வேண்டிய நூல். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும், லதூரி மறக்கவைக்கும் அந்த மேசையையும் அதன் பின்னே அமர்ந்திருக்கும் ஆயரையும் நாமே திரும்பக் கொண்டுவந்து வைத்து வாசிக்க வேண்டும். எம்மைப் பொறுத்தவரை இன்னொரு வேலையும் உண்டு. மோந்தாயூ மக்களுக்கு எழுத்து கைவசம் இருக்கவில்லை. எமக்கு இருக்கிறது. அதிகாரி கேளாத கேள்விகளுக்கான பதில்களை, சாதியும் காட்டிக்கொடுப்பும் பெண்களின் மௌனமும் உட்பட, நாமே எழுதி வைக்காவிட்டால், எஞ்சப்போவது அவர்களது கோப்புகள் மட்டுமே.