தலைகொண்டதும் கொன்றதும்: சோழர் கல்வெட்டுக்களில் மன்னர் சாவுணர்த்தும் சொற்கள்

மன்னனைக் கொல்லுதலாகிய செயலுக்கு 'அரசகொலை' என்னும் தொகைச்சொல் இக்கால எழுத்தில் வழங்குகின்றது. ஆங்கிலச் சொல்லொன்றற்கு நேராக ஆக்கப்பட்ட இதனைக் கல்வெட்டுக்களின்மேலும் ஏற்றிப் பொருள் காணும் வழக்கம் நம் மாணவரிடையே பெருகிவருகின்றது. அங்ஙனம் ஏற்றுங்கால், கல்லெழுத்தில் வேறுவேறாக நிற்கும் செய்திகள் ஒன்றாய்க் குழம்புகின்றன. அக்குழப்பத்தால் ஒரு வரலாற்று வழக்கே திரிந்துபோதலை ஈண்டுக் காட்டுவோம்.

விக்கிரவாண்டிக்குத் தென்மேற்கே, பெண்ணையாற்றங்கரையில், கிராமம் என்றே பெயர்பெற்ற ஊர் ஒன்றுளது. அங்குள்ள சிவன்கோயிலை 943இல் கற்றளியாக்கினவன் வெள்ளங்குமரன் என்னும் சேரநாட்டுத் தலைவன். முதற் பராந்தகன் மகன் இராசாதித்தனின் படைத்தலைவன். ஆறாண்டு கழித்துத் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். அவனைச் சோழர் மரபு 'ஆனைமேற்றுஞ்சினான்' என்றே சுட்டுகின்றது. துஞ்சுதல் உறங்குதலாம். புறநானூற்றுக் கொளுக்களிலும் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் எனவும், வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி எனவும் வருதல் யாவரும் அறிந்ததே. அச்சொல் இறந்த இடத்தைக் கூறும், கொன்றவனைக் கூறாது. 1054இல் கொப்பத்துப் போரில் வீழ்ந்த முதல் இராசாதிராசனுக்கும் இதுவே வழங்கிற்று. பொன்மாளிகையில் மாண்ட சுந்தரசோழனுக்கும் இதுவே. களத்தில் வெட்டுண்டவனும் மாளிகையில் மாண்டவனும் தம்மவர் வாயில் ஒருங்கே உறங்கினவராகின்றனர்.

மாற்றார் வாயிலோ நிலை வேறு. ஆதகூர்க் கன்னடக் கல்வெட்டு இராசாதித்தனைக் கொன்றவன் கங்கன் பூதுகன் என வெளிப்பட உரைக்கின்றது. இதனை வஞ்சகக் கொலை எனப் பொருள்கொண்ட பிளீட், பின்னர்த் தம் வாசிப்பைத் தாமே திருத்தி, அம்பாரியே களமாகப் பொருது கொன்றான் எனக் கொண்டார். ஒரு சொல்லின் வாசிப்பில் ஒரு வீரன் வஞ்சகனாகிப் பின் மீண்டும் வீரனானான். கல்வெட்டுச் சொல்லை அவசரத்தில் படிப்போர் இதனை மறவாதிருத்தல் நன்று.

இனித் 'தலைகொண்ட' என்னும் அடையைக் காண்போம். கொள்ளுதல் என்பது சோழர் மெய்க்கீர்த்திகளில் வெற்றிச்சொல். முதற் பராந்தகன் மதுரைகொண்டான்; மதுரை அழிந்திலது. தக்கோலத்திற்குப் பின் இந்நடுநாட்டுக் கல்வெட்டுக்களில் இடம்பெறும் கன்னரதேவன் கச்சியும் தஞ்சையும் கொண்டான். அவ்வூர்களும் பின்னும் நின்றன. ஆயின் தலையைக் கொள்ளுதல் தலையைக் கொய்தலே ஆகுமா? வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' எனத் தன்னைக் கூறிக்கொண்டான். அச்சோழன் இன்னான் என்பதில் அறிஞர் இன்றும் ஒருப்பட்டிலர். அவ்வீரபாண்டியன் தலையைத் தான் கொண்டதாக இரண்டாம் ஆதித்தன் அடை புனைந்தான். பார்த்திவேந்திரவன்மன் கல்வெட்டுக்களிலும் அவ்வடையே உளது. இருவரும் ஒருவரே என்பார் கூற்றை ஒதுக்கிவிடின், ஒரு தலையை இருவர் கொண்டனர் என்றாகும். மூன்றாங் குலோத்துங்கனும் 'பாண்டியன் முடித்தலை கொண்டருளிய' எனப்பட்டான். ஆனால் அப்பாண்டியன் பின்னர் வந்து அடிபணிந்தமை அவன் கல்வெட்டுக்களாலேயே பெறப்படும். ஆகவே தலைகொள்ளுதல் என்னும் சொல் தனித்து நின்று கொலைக்குச் சான்றாகாது. முடியைப் பணிவித்தலையும் அது தழுவும் என்றே கருதுகின்றோம். ஆதித்தன் செய்தியில் பாண்டியன் தலை உண்மையில் வெட்டுண்டது எனக் கொள்ளுதற்கு இடமளிப்பன திருவாலங்காட்டுச் செப்பேடுகளே. அவையும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிற்பட்டவை.

இவ்வாதித்தன் சாவே நம் பொருளுக்கு உரைகல்லாகின்றது. திருவாலங்காட்டு வடமொழிப் பகுதி அவனைத் துறக்கங் காணும் விருப்பால் மறைந்தவனாகப் பாடி மழுப்புகின்றது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டோ மழுப்பவில்லை. முதல் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போந்த அரசாணை அது. அதன்கண் ஆதித்தனுக்குப் 'பாண்டியன் தலைகொண்ட' என்னும் அடை நிற்கின்றது. அடுத்து அவனைக் 'கொன்று' என்னும் வினை வெறிதே நிற்கின்றது. அதனையடுத்துத் 'துரோகிகள்' என்னும் பெயர். முடியுடையான் ஒருவனைக் கொன்றது அவனுக்குப் பட்டம். அவனைக் கொன்றது பிறர்க்குக் குற்றம். இரண்டும் ஒரே தொடரில், ஒரு மூச்சில் சொல்லப்படுகின்றன. துஞ்சினான் என்னும் மங்கலச்சொல் ஈண்டு வாராதது தற்செயலன்று. நிலத்தைப் பறித்து விற்றற்குரிய ஆணைக்குக் குற்றத்தின் பெயர் வேண்டும். துயிலின் பெயர் உதவாது.

துரோகி என்பதே ஈண்டு நுனித்து நோக்கத்தக்கது. களத்தில் எதிர்த்த பகைவன் துரோகியாகான். கடப்பாடு உடையவனே அதனைப் பிழைத்துத் துரோகியாவான். இங்கிலாந்தில் 1649இல் சார்லசு மன்னனையே துரோகியெனத் தீர்த்துத் தலைவெட்டினர். 1660இல் அவன் மகன் அரியணை ஏறியபின் அத்தீர்ப்பில் கைச்சாத்திட்டோர் துரோகிகளாயினர். எவர்க்கு எவர் கடன்பட்டவர் என்பதே அங்கும் பெயரைத் தீர்த்தது.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் தொடராக வெளிவந்தபின், இரவிதாசன் முதலியோர் பாண்டியன் பழிதீர்க்க வந்த ஆபத்துதவிகள் என்பது பலர் நெஞ்சில் வரலாறாகவே ஊன்றிவிட்டது. இரவிதாசனின் 'பஞ்சவன் பிரமாதிராசன்' என்னும் பட்டத்தில் பாண்டியன் பெயர் இருத்தல் அக்கருத்திற்குத் துணை. ஆனால் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட பரமேசுவரனின் பட்டமோ 'இருமுடிசோழ பிரமாதிராசன்'. கல்வெட்டு இவர்களைப் பகைவர் என்னாது துரோகிகள் என்றமையின், இராசராசன் அரசு அவர்களைத் தன்னைச் சார்ந்தவராகவே எண்ணிற்று எனத் துணியலாம்.

இதனினும் மிகுதியாகச் சொல்லினின்று பிழிந்தெடுத்தல் கூடாது. உத்தமசோழன்மேல் நீலகண்ட சாத்திரியார் கொண்ட ஐயத்தை இச்சொல் உறுதிசெய்யாது. அதனை மறுத்த சதாசிவ பண்டாரத்தாரை நிலைநாட்டவும் செய்யாது. யார் கொன்றனர் என்பதற்கே அவ்வாணை விடைதருகின்றது. யார் ஏவினர் என்பது அதில் இல்லை.

கல்வெட்டுச் சொல்லகராதி தொகுப்போர் தலைகொள்ளுதல் என்பதன்கீழ் 'சிரச்சேதம் செய்தல்' என்னும் ஒரு பொருளோடு நில்லாது, 'முடியரசனைப் பணிவித்தல்' என்பதனையும் தனித்து வரைந்து, குலோத்துங்கன் கல்வெட்டை அதற்கு மேற்கோளாக்குதல் வேண்டும்.