வெக்கை வேறு, புழுக்கம் வேறு

வீட்டின் தரத்தை அதில் குடியிருப்பவரிடமே கேட்டு அளப்பது நல்ல முறை. 1970-இல் தொடங்கிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய பிறகும், எத்தனை வீடு, எத்தனை சதுர அடி என்றே கணக்குச் சொல்கிறது. சென்னை கண்ணகி நகரில் தொடக்கத்தில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடியைக்கூட எட்டவில்லை. அதற்குள் ஒரு குடும்பம் சமைத்து, படித்து, உறங்குவது எப்படி என்பதைக் குடியிருப்பவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் கேட்கும் விதத்தில் கோளாறு இருக்கிறது. வீட்டுக்குள் வெப்பம் எப்படி இருக்கிறது என்று கேட்க உலகெங்கும் புழங்கும் அளவுகோலில் குளிர் முதல் சூடு வரை ஏழு படிகள். வாரியம் கட்டிய பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் ஒரு பெண் இதில் எதைத் தொடுவார்? அவரிடம் இதைவிடக் கூர்மையான சொற்கள் இருக்கின்றன. கடைசி மாடியில் இருப்பவர் "ராத்திரி முழுக்க வெக்கை" என்பார்: பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அதைக் கக்குகிறது. கீழ்மாடிக்காரர் "புழுக்கம்" என்பார்: காற்று நுழைய ஒரு பக்கம் வழியிருந்தும், வெளியேற மறுபக்கம் வழியில்லை. சுவரில் நீர்க்கசிவு கண்டவர் "ஓதம்" என்பார். முதலாவதற்கு மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு வேண்டும். இரண்டாவதற்கு எதிரெதிர் ஜன்னல். மூன்றாவதற்குக் குழாய்ப் பழுதுபார்ப்பு. மூவரையும் "சூடு" என்ற ஒரே கட்டத்தில் அடைத்தால் மூன்று நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்ததாகும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. "திருப்தியா?" என்றால் "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்கள். ஆற்றங்கரைக் குடிசையில் வெள்ளம் பார்த்துவிட்டு இங்கே வந்தவருக்கு ஒழுகாத கூரையே பெரிது. வீடு ஒதுக்கியவர்களின் ஆள்தான் கேட்கிறார் என்ற தயக்கம் வேறு. அந்தப் "பரவாயில்லை"யைச் சம்மதமாக எண்ணி அறிக்கையில் ஏற்றுவது அநியாயம்.

கருவி மட்டும் போதும் என்பாரும் உண்டு. வெப்பமானி வெப்பத்தைச் சொல்லும். கொசுவுக்கும் நடைவழியில் போவோர் பார்வைக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பதைச் சொல்லாது. ஜன்னலின் அளவு வரைபடத்தில் சரியாக இருக்கும். காற்று மட்டும் வராது.

ஆகவே வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பவரை மே மாதத்தில், இரவு பத்து மணிக்குமேல், கடைசி மாடிக்கு அனுப்புங்கள். திருப்தியா என்று கேட்க வேண்டாம். நேற்றிரவு எங்கே படுத்தீர்கள் என்று கேட்கட்டும்.