மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி வகைப்பாடு: ஒரு திறனாய்வு

முன்னுரை

விடுதலைக்குப் பின் நடந்த இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் மக்களை மரபினம் என்னும் தலைப்பின்கீழ் எண்ணவில்லை. 1951 முதல் 2011 வரையிலான ஏழு கணக்கெடுப்புகளிலும் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் நீங்கலாகச் சாதியும் எண்ணப்பெறவில்லை. ஆகவே, நாட்டின் பல்வேறு மக்கட் குழுக்களை அறிவதற்குச் சமயத்தோடு தாய்மொழியும் முதன்மைச் சான்றாக நின்றது. அச்சான்று திரட்டப்பெறும் முறையையும் வகைப்படுத்தப்பெறும் முறையையும் ஆராய்ந்து, அவற்றின் குறைகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்களின் மாற்றம்

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் நீள அகல விகிதம் முதலிய உடல் அளவீடுகளைக் கொண்டு இந்திய மக்களை ஏழு வகையினராகப் பகுத்தார். அவற்றுள் ஒன்றுக்குத் ‘திராவிட வகை’ எனப் பெயரிட்டார். கால்டுவெல் 1856இல் மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்திய சொல், இவ்வாறு உடலமைப்பின் பெயராகவும் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது. மொழியையும் மரபினத்தையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்திற்கு இது வழிவகுத்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் பி. எஸ். குகாவின் உடல் அளவீட்டு ஆய்வு இடம்பெற்றது. பின்னர் அம்முறை கைவிடப்பெற்றது.

மொழி பற்றிய வினாவும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. 1881இல் தாய்மொழி வினவப்பெற்றது. 1891இல் பெற்றோர் பேசும் மொழியும், 1901இல் ஒருவர் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியும் கேட்கப்பெற்றன. 1931இல் மீண்டும் தாய்மொழியே வினாவாயிற்று. 2011இல், குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழியே தாய்மொழி என வரையறுக்கப்பெற்றது. இவ்வேறுபாடுகளைக் கருதாமல் பல்வேறு ஆண்டுகளின் எண்களை ஒப்பிடுதல் பொருந்தாது.

விடையும் அட்டவணையும்

கணக்கெடுப்பாளர் மக்கள் கூறும் பெயரை அவ்வாறே எழுதுகிறார். அட்டவணையில் அச்சாகும் பெயரோ அலுவலகத்தில் தீர்மானிக்கப்பெறுகிறது. 2011இல் மக்கள் கூறிய பெயர்கள் 19,569. எழுத்து வேறுபாடுகள் முதலியன ஆராயப்பெற்று அவை 1,369 தாய்மொழிகளாகச் சுருக்கப்பெற்றன. 1,474 பெயர்கள் வகைப்படுத்த இயலாதவை என ஒதுக்கப்பெற்றன. பத்தாயிரமும் அதற்கு மேலும் பேசுநரைக் கொண்ட 270 தாய்மொழிகள் மட்டுமே பெயர் சுட்டப்பெற்று, 121 மொழிகளின்கீழ் தொகுக்கப்பெற்றன.

இத்தொகுப்பின் விளைவை இந்தி பற்றிய புள்ளிவிவரம் காட்டும். 2011இல் இந்தி பேசுவோர் 52.83 கோடியினர், அதாவது மக்கள்தொகையில் 43.63 விழுக்காட்டினர் எனப்படுகிறது. அவர்களுள் தம் தாய்மொழி இந்தி என்றே கூறியவர்கள் 32.22 கோடியினர், இது ஏறத்தாழ 26.6 விழுக்காடே. போச்புரி என்று கூறிய 5.06 கோடியினரும், இராசத்தானி, சத்தீசுகரி, மகதி முதலிய பெயர்களைக் கூறியோரும் இந்தியின்கீழ்ச் சேர்க்கப்பெற்றுள்ளனர். கிரியர்சனின் மொழி அளவாய்வு போச்புரி, மகதி, மைதிலி ஆகியவற்றைப் ‘பீகாரி’ எனத் தனித்துத் தொகுத்து, வங்காளம், ஒரியா முதலியவற்றோடு கிழக்குக் கிளையில் வைத்தது. எனினும், 1991 வரை இந்தியின்கீழ் எண்ணப்பெற்ற மைதிலி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்ந்த பின்னரே 2001ஆம் ஆண்டு அட்டவணைகளில் தனிமொழியாயிற்று. ஒலியமைப்போ இலக்கணமோ மாறாதிருக்க, அரசமைப்பின் ஏற்பே அதன் நிலையை மாற்றியது.

தமிழுக்கும் இத்திறனாய்வு பொருந்தும். 2011இல் தமிழ் பேசுவோராகக் காட்டப்பெறும் 6.90 கோடியினருள் எருகலா மொழியினர் 58,065 பேரும், கைகாடி மொழியினர் 25,870 பேரும், இருளர் மொழியினர் 11,870 பேரும் அடங்குவர். இருள மொழியைத் தென்திராவிடத் தனிமொழியாகக் கமில் சுவலபில் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். போச்புரியை இந்தியில் அடக்குதல் தவறெனின், இருள மொழியைத் தமிழில் அடக்குதலும் அவ்வாறே வினாவுக்குரியதாகும். மேலும், தமிழகத்தில் மட்டும் இருளர் பழங்குடியினர் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர் என அதே கணக்கெடுப்புக் கூறுகிறது. சமவெளி இருளருள் பலர் தமிழே பேசுவதால், இவ்விரு எண்களின் இடைவெளி முழுவதையும் மொழியிழப்பு என்று கொள்ளுதல் இயலாது. பழங்குடிப் பெயரும் மொழிப் பெயரும் ஒன்றாக இருப்பினும் அவை அளப்பன வேறு என்பதே இதனால் பெறப்படும்.

விடையளிப்போர் நோக்கு

குறை முழுவதும் அலுவலகத்தின்பாற்பட்டது அன்று. 1951இல் பஞ்சாபிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் மொழிப் பூசல் விடைகளைப் பாதித்தமையால், இந்தி, பஞ்சாபி, உருது, பகாடி ஆகியவற்றின் எண்கள் ஒன்றாகவே வெளியிடப்பெற்றன. சமற்கிருதத்தைத் தாய்மொழி என்றோர் 1991இல் 49,736 பேர். 2001இல் 14,135 பேர். 2011இல் 24,821 பேர். பத்தாண்டுகளில் ஒரு மொழியின் பேச்சு வழக்கு இவ்வளவு குறைந்து மீண்டும் வளர்தல் அரிது. இங்கு அளக்கப்பெறுவது பேச்சு வழக்கைவிட ஒருவர் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்துகிறார் என்பதையே எனலாம். அவ்வடையாளமும் அறியத்தக்கதே. ஆயின் அதனைப் பேச்சு வழக்கின் அளவெனக் கொண்டு கல்வித் திட்டம் வகுத்தல் பிழையாகும்.

முடிவுரை

வகைப்பாடின்றிப் புள்ளிவிவரம் அமையாது. ஆயின் வகைப்படுத்தியோர் காரணம் கூறுதல் வேண்டும். எப்பெயர் எம்மொழியின்கீழ் எக்காரணத்தால் சேர்க்கப்பெற்றது என்பது அட்டவணையோடு வெளியிடப்பெறுதல் வேண்டும். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 1,652 தாய்மொழிகளைப் பெயர் சுட்டிக் காட்டியது. 1971 முதல் பின்பற்றப்பெறும் பத்தாயிரம் என்னும் வரம்போ, அழிவின் விளிம்பில் உள்ள சிறுமொழிகளையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது.

சாதிக்கும் இக்கருத்துப் பொருந்தும். 1931இல் 4,147ஆக இருந்த சாதிகளின் எண்ணிக்கை, 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பின் விடைகளில் 46 இலட்சத்திற்கும் மேலாக இருந்தது என நடுவண் அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அடுத்த கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்பெறும் என 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பெற்றது. மக்கள் கூறும் பெயர்களைத் தொகுக்கும் நெறி முன்னரே வகுத்து வெளியிடப்பெறாவிடின், தாய்மொழி அட்டவணையில் நேர்ந்த குறை சாதி அட்டவணையிலும் நேரும். அங்கு அது மக்களின் உரிமைகளையே நேரடியாகப் பாதிக்கும்.