ராத்திரி மருந்து யாருக்கு?

"அண்ணாச்சி, புள்ள ராத்திரி பூரா இருமுது. நல்லாத் தூங்குற மாதிரி ஒரு சிரப் குடுங்க."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைகளில் சாயங்காலம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, விடிந்தால் மில்லுக்குப் போகணும். ஆனால் அவர் கேட்பது இருமலுக்கு மருந்தா, தூக்கத்துக்கு மருந்தா?

தூக்கத்தைத் தருவது பெரும்பாலும் குளோர்பெனிரமின். அது அலர்ஜி மருந்து, மயக்கம் அதன் பக்கவிளைவு. அதைத்தான் நாம் 'மருந்து கேட்டுச்சு' என்கிறோம். 2004-ல் அமெரிக்காவில் 100 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு இதே வகையைச் சேர்ந்த டைபென்ஹைட்ரமின், இன்னொரு பகுதியினருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் சிரப். மறுநாள் ராத்திரி எல்லோருக்குமே இருமல் குறைந்தது. மருந்து குடித்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

2025 அக்டோபரில் கோல்ட்ரிஃப் விவகாரம் வந்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான சிரப். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நம் மாநில ஆய்வகம் சோதித்ததில் டைஎதிலீன் கிளைகால் 48.6 சதவீதம். 0.1-ஐத் தாண்டக் கூடாத விஷம் அது. தடை, கைது, உரிம ரத்து எல்லாம் நடந்தது. சரிதான். 1972-ல் சென்னையிலும் 1986-ல் மும்பையிலும் 2020-ல் ஜம்முவிலும் உயிர்களைப் பறித்த அதே விஷம்தானே!

என் குறை வேறு. பேச்செல்லாம் 'கலப்படம்' என்பதோடு முடிந்துபோனது. கோல்ட்ரிஃப்பில் முறைப்படி இருக்க வேண்டியவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின். பின்னிரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். பல குழந்தைகளுக்கு டாக்டரே எழுதிக்கொடுத்த மருந்து அது. அதாவது விஷம் கலக்காத பாட்டிலும் அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டிருக்காது. அக்டோபர் 3-ஆம் தேதி மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் இதைத்தான் சொன்னது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து கூடவே கூடாது, ஐந்து வரை பொதுவாக வேண்டாம். நம் கடைகளில் எத்தனை பேர் இன்னும் 'புள்ளைக்கு வயசென்ன?' என்று கேட்கிறார்கள்?

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். அதற்குள் என்றால் தேனும் ஆகாது. மற்றபடி பார்க்க வேண்டியது மூச்சை. ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவை அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகணும். சிரப் குடித்து மயங்கிக் கிடக்கும் பிள்ளையின் மூச்சை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.