வீட்டு சுகர் மெஷின்: யாருக்கு, எதற்கு?

மருந்துக்கடையில் சுகர் மெஷின் கேட்டால் எடுத்து வைக்கும் ரகங்களில் அக்யு-செக் இன்ஸ்டன்ட்டும் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும். ஸ்ட்ரிப்பைச் செருகினாலே திரை விழித்துக்கொள்ளும். பழைய மெஷின்களைப் போல ஒவ்வொரு டப்பாவுக்கும் கோடு எண்ணைச் சரிபார்க்கும் வேலை இதில் இல்லை. கண்பார்வை மங்கிய பெரியவர்கள் யார் உதவியும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்த இரண்டும் பெரிய விஷயம். எண்களும் நல்ல பெரிதாக, கண்ணாடி போடாமலே படிக்கும்படி இருக்கின்றன.

இதற்குத் தேவை 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம், அதாவது கடுகைவிடச் சிறிய ஒரு துளி. ஸ்ட்ரிப்பின் முன்விளிம்பைத் துளியின் ஓரத்தில் வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, எலக்ட்ரான்கள் வெளியாகின்றன. அந்த மின்னோட்டத்தை அளந்து, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று சுமார் நான்கு நொடியில் திரையில் காட்டிவிடுகிறது. 10 முதல் 600 வரை அளக்கும். 720 அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும். புளூடூத் வழியாக மைசுகர் செயலிக்கும் அனுப்பும்.

ஊசியை விரல் நுனியின் நடுவில் குத்தாதீர்கள். நரம்பு முனைகள் அங்கேதான் நெருக்கமாக இருக்கின்றன. பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழியவும் வேண்டாம். திசுநீரும் கலந்து வந்து அளவைக் கெடுக்கும். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஒரு நிமிடம் தொங்கவிட்டால் போதும்.

கை கழுவுவதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. மாம்பழம் நறுக்கிய கையைத் துணியில் துடைத்துவிட்டு நான் பார்த்தபோது மெஷின் காட்டியது 184. உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தேன்: 101. துளி அவ்வளவு சிறியது என்பதால் தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே கணக்கை மாற்றிவிடுகிறது. இன்சுலின் போடுகிறவர் அந்த 184-ஐ நம்பி ஊசி அளவைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும்.

திரையின் ஓரத்தில் பச்சைப் பட்டை ஒன்று உண்டு. அளவு எல்லைக்குள் இருக்கிறதா என்பதை ஓர் அம்புக்குறி காட்டும். ஏற்கனவே மருந்து சாப்பிடுகிறவருக்கு இது நல்ல வசதி. ஆனால் சர்க்கரை நோயாளி தன் கட்டுப்பாட்டுக்காக வைத்துக்கொள்ளும் எல்லை அது. ஒருவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் எல்லை அல்ல. 130 என்பது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் நல்ல செய்தி. வெறும் வயிற்றில் வந்தால் கவலைப்பட வேண்டிய செய்தி.

இந்த மெஷினைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே அச்சமும் இங்கேதான். வீட்டு மெஷின்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரவிதி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டுவதை அனுமதிக்கிறது. உண்மையான பாஸ்டிங் (வெறும் வயிற்று) சர்க்கரை 118 என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 101 என்றும் காட்டலாம், 135 என்றும் காட்டலாம். இரண்டும் தரவிதிக்கு உட்பட்டவையே. பாஸ்டிங் 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 100 முதல் 125 வரை நோயின் முன்நிலை, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ஒரே மனிதர் ஒரே காலையில் இயல்பின் விளிம்பிலும் நிற்கலாம், நோயாளியாகவும் தெரியலாம். கட்டுப்பாட்டைக் கண்காணிக்க இந்தத் துல்லியம் தாராளம். நோயைக் கண்டுபிடிக்கப் போதாது.

என் அக்கா விஷயத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் என் மெஷினில் 97 வந்தது. "பாத்தியா தம்பி, எனக்கு சுகரெல்லாம் கெடையாது" என்று எழுந்து போய்விட்டாள். நான் இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு ரத்தமே வேண்டாம். வயது 35-க்குக் கீழே என்றால் மதிப்பெண் இல்லை, 49 வரை 20, அதற்கு மேல் 30. பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 செ.மீ. தொட்டால் 10, 90 தொட்டால் 20. ஆண்களுக்கு அதுவே 90, 100. உடற்பயிற்சியும் இல்லை, உடல் உழைப்பும் இல்லை என்றால் 30. இரண்டில் ஒன்று இருந்தால் 20. பெற்றோரில் ஒருவருக்கு சுகர் இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டிப் பார்த்து 60-ம் அதற்கு மேலும் வந்தால் அபாயம் அதிகம். அக்காவுக்கு வயது 47, இடுப்பு 88, நடை கிடையாது, அம்மாவுக்கு சுகர். மொத்தம் 70.

மறுநாள் லேபுக்குப் போனோம். எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் பாஸ்டிங், பிறகு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. பாஸ்டிங் 108, இரண்டாவது 164. இரண்டாவதில் 140 முதல் 199 வரை முன்நிலை, 200 தொட்டால் நோய். எங்கள் வீட்டு மெஷின் காட்டிய 97-ல் இந்த 164-க்கான தடயம் எதுவுமே இல்லை. பாஸ்டிங் ஓரளவு சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அதனால் பாஸ்டிங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

லேபிலும் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தம் எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும்; மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு குறையும். புளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்து, சீக்கிரம் பிரித்துப் பார்த்தால்தான் எண் நம்பகமானது. மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி டெஸ்டுக்குப் பட்டினி தேவையில்லை, 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5 தொட்டால் நோய். ஆனால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் பிசகும், அதனால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டுவதும் முறையல்ல, மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

முன்நிலை என்று தெரிவது நல்ல நேரத்தில் தெரிவதுதான். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடையையும் சாப்பாட்டையும் மாற்றிக்கொண்ட முன்நிலைக்காரர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைத்தது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் முன்நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடி, நோயாளிகள் 10.1 கோடி. அந்த 13.6 கோடிப் பேருக்கு இப்போது தேவைப்படுவது ஒரு லேப் டெஸ்ட். மெஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த டெஸ்ட் இலவசம்.

ஆக, இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டர் சொல்லியிருக்கும் கர்ப்பிணிகள் இந்த மெஷினைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது மெஷின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான செலவு ஸ்ட்ரிப்தான், மாதாமாதம் வரும். டப்பாவில் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஸ்ட்ரிப் எடுத்த கையோடு மூடியை இறுக மூடுங்கள், காற்றின் ஈரம் பட்டாலே கெட்டுவிடும். குத்திய ஊசியைக் குப்பைக்கூடையில் போடாமல் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் அது குத்தக் கூடாது.