ஆறாவது வாரத்து அழுகை

பாலைக் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை பிறந்த மூன்றாவது வாரத்தில் மாறிவிடும். விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் முகம் சிவக்க, காலை வயிற்றோடு மடக்கி, விரல்களை இறுக்கிக்கொண்டு வீறிடும். மார்பில் போட்டாலும் நிற்காது, தூளியில் போட்டாலும் நிற்காது. மன்னார்குடிப் பக்கத்தில் இதை உப்புசம் என்பார்கள், வாயு என்பார்கள். சில வீடுகளில் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெசல் 1954இல் வகுத்த கணக்குதான் நெடுங்காலம் இதற்கு அளவுகோல்: நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுவது. ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். காரணம் இன்னதுதான் என்று மருத்துவத்தால் இன்னும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

அந்த ஆறாவது வாரத்தில் தாயின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களைப் பொறுத்துத்தான் வீட்டுக்குள் பால் புட்டி வருகிறது. காவிரிப் படுகையையும் இலங்கையையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறபோது எனக்குப் பெரிதாகத் தெரிகிற வேறுபாடு இதுதான்.

படுகையில் இருக்கிற மன்னார்குடி பிள்ளைக்காக ஏங்கத் தெரிந்த ஊர். பிள்ளை வரம் கேட்டு ராஜகோபால சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் சந்தான கோபாலனைக் கையில் ஏந்தி வேண்டிக்கொள்கிறார்கள். பங்குனியில் வெண்ணெய்த்தாழி அன்று தவழும் கண்ணன் மீது ஊரே வெண்ணெய் வீசுகிறது. அப்படிப்பட்ட ஊரில் பெண் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான், தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறத்தாழ ஒழிந்தே போயிற்று. ஆனால் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 100 பிரசவங்களில் 45 அறுவைச் சிகிச்சை. தையல் வலியோடு படுத்திருக்கிற தாய்க்குப் பால் சுரக்கத் தாமதமாகும்போது, முதல் நாளிலேயே பால்பவுடர் டப்பா கட்டிலருகே வந்துவிடுகிறது. அதே ஆய்வில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் பிள்ளைகள் இந்தியா முழுவதும் ஏறக்குறைய 64 விழுக்காடு, தமிழ்நாட்டில் 55தான். மருத்துவமனைகளில் முன்னே நிற்கிற மாநிலம் தாய்ப்பாலில் பின்னே நிற்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிற எண்.

வீட்டுக்கு வந்த பிறகு பாட்டி வசம்பு சுடுவாள், ஓமத் தண்ணீர் வைப்பாள், கிரைப் வாட்டர் வாங்கிவரச் சொல்வாள். எதற்கும் அழுகை அடங்காத நாளில் பிள்ளையின் அப்பாவோ மாமாவோ மெடிக்கல் ஷாப்புக்குப் போவார். “இது ஆன்டி-கோலிக்ணே, வயித்துல காத்தே போகாது” என்று கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைப்பார். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற உறவினர்கள் ஊருக்கு வரும்போது விலை கூடிய புட்டியைப் பாசத்தோடு வாங்கிவருவதும் உண்டு. இத்தனை கைகளும் நல்லெண்ணத்தோடுதான் நீள்கின்றன. பிள்ளை மார்பை எப்படிக் கவ்வுகிறது என்று பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

பார்க்க வேண்டியவர் கிராம சுகாதார செவிலியர். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது ஏற்பாடு. கர்ப்பப் பதிவு, தடுப்பூசி, உதவித்தொகைக் கணக்கு, கணினிப் பதிவு என்று எல்லாம் அந்த ஒரு பெண்ணின் தலையில். கணவன் ஊரில் பதிந்த தாய் அழுகை உச்சத்தில் இருக்கும்போது வேறொரு செவிலியரின் எல்லைக்குள், தாய்வீட்டில் இருக்கிறாள். படுகையின் நல்ல வழக்கம் ஒன்றே இப்படி ஓர் இடைவெளியை உண்டாக்கிவிடுகிறது.

இலங்கையில் இந்த இடைவெளியை அடைப்பதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. குடும்பநல உத்தியோகத்தர் என்பது பதவியின் பெயர். யாழ்ப்பாணத்து வீடுகளில் மிஸி என்று கூப்பிடுவார்கள். சுமார் 3,000 பேருக்கு ஒருவர். பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வர வேண்டும், ஆறாவது வாரத்துக்குள் மறுபடியும் வர வேண்டும் என்பது விதி. வந்ததும் பால் போத்தலைப் பற்றிப் பேச்சில்லை. “பிள்ளைய எப்பிடிப் பிடிச்சுப் பால் குடுக்கிறீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ” என்றுதான் தொடங்குவார். வாய் அகலத் திறந்திருக்கிறதா, காம்பு மட்டும் வாயில் இருக்கிறதா, கருவளையமும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பார். கவ்வல் சரியானால் விழுங்கும் காற்றும் குறையும். நேரடியாகப் பால் கொடுக்க நேரமில்லாத தாய்க்குப் பாலைப் பீச்சி எடுத்துக் கிண்ணத்தாலோ கரண்டியாலோ புகட்டக் கற்றுக்கொடுப்பார். 2016ஆம் ஆண்டு மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகத் தாய்ப்பாலூட்டல் நிலை மதிப்பீட்டில் 2020இல் இலங்கை 100க்கு 91 பெற்று முதலிடத்தில் நின்றது.

சட்டத்தைக் குறை சொல்லி நாம் தப்பிக்க முடியாது. உலக சுகாதார சபை 1981 மே மாதம் பால்பவுடர் விற்பனைக்கான விதிக்கோவையை நிறைவேற்றியது. இலங்கை 1983லேயே தன் விதிக்கோவையைக் கொண்டுவந்து 2002இல் திருத்தியது. இந்தியச் சட்டம் 1992இல் வந்தது, 2003இல் இறுக்கப்பட்டது. இலங்கையினுடையதைவிட வன்மையானது என்றுகூடச் சொல்லலாம். பால் புட்டிக்கு விளம்பரம் கூடாது, தள்ளுபடி கூடாது, இலவசப் பரிசு கூடாது. புட்டி என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நிப்பிளும் வால்வும்கூட அடக்கம். மீறினால் 3 ஆண்டு வரை சிறை. ஆனால் கடை மேசைக்கு அந்தப்பக்கம் நடக்கிற பேச்சை எந்தச் சட்டம் கேட்கும்? அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒரு செவிலியர் வந்து போயிருக்க வேண்டும்.

இலங்கை முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடக் கூடாது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்களில் பலரின் முன்னோர் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போனவர்கள். வேலை நேரத்தில் பிள்ளைகள் பிள்ளைக் காம்பரா என்கிற தோட்டக் காப்பகத்தில் விடப்படுகின்றன. 2016 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 விழுக்காடு, தோட்டங்களில் 32. தாயின் உணவும் வேலை நேரமும் சரியாகாமல் மிஸி மட்டும் வந்து என்ன செய்ய முடியும்? நம் பக்கத்திலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்கு இதே நிலைதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயைத் தாண்டி, சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு அவளுக்குக் கிடையாது. அவள் வரப்பிலிருந்து திரும்பும்வரை பாட்டியின் கையில் ஏதாவது ஒரு பாத்திரம் இருந்தாக வேண்டும். தாய் நோயுற்ற வீடு, இரட்டைப் பிள்ளை பிறந்த வீடு, தத்தெடுத்த வீடு இவற்றுக்கும் புட்டி தேவைப்படலாம். அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசுவது கொடுமை.

ஆகவே வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? பிள்ளை உறிஞ்ச உறிஞ்சப் புட்டிக்குள் காற்றழுத்தம் குறையும். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் நிப்பிள் ஒட்டிக்கொள்ளும், பிள்ளை வாயை விட்டுவிட்டு மீண்டும் கவ்வும். அப்போதுதான் காற்றை விழுங்கும். ஆன்டி-கோலிக் புட்டிகள் காற்றுக்கென்று தனி வழி வைக்கின்றன: நிப்பிளின் அடிவிளிம்பில் ஒரு சிறு துளை, அல்லது கழற்றக்கூடிய அடிப்பாகத்தில் வால்வு, அல்லது புட்டிக்கு நடுவே ஒரு குழாய். விழுங்கும் காற்று இவற்றால் குறையலாம். விலை ஏற ஏற அழுகை குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பாகங்கள் கூடக் கூடக் கழுவும் வேலை கூடும் என்பது மட்டும் உறுதி. முத்துப்பேட்டை போலக் கடலோர உப்புத்தண்ணீர் ஊர்களில் கொதிக்கவைக்கும்போது படியும் வெள்ளைப் பொருக்கு அந்தச் சிறு துளையையே அடைத்துவிடும். நான் சொல்வேன்: நிப்பிளிலேயே காற்றுத் துளை உள்ள, அகன்ற வாய்ப் புட்டி போதும். விரலோ பிரஷோ போகாத மூலை இருந்தால் வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். இந்தியாவில் அது கடைக்காரரின் விருப்பமல்ல, சட்டம். பிஸ்ஃபீனால்-ஏ கசியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015இல் பால் புட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது. முத்திரையில்லாத மலிவுப் புட்டியையும் வண்ணப் படம் போட்ட பழைய புட்டியையும் தொட வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் புட்டியிலும் ஒரு கவனம் வேண்டும்: கொதிநீர் பட்டால் அதிலிருந்து பிளாஸ்டிக் நுண்துகள்கள் ஏராளமாக உதிர்வதை 2020இல் டப்ளின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பால்பவுடரில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு ஆபத்தையும் தவிர்க்க வழி எளிது: எவர்சில்வர் பாத்திரத்தில் கலக்கி, ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்றலாம். கண்ணாடிப் புட்டி என்றால் அந்தக் கவலையே இல்லை. பச்சைப் பிள்ளைக்கு மெதுவாகச் சொட்டும் நிப்பிள். கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலை நடுவில் நிறுத்தி, தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க வேண்டும். காய்ச்சல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், பாலே குடிக்க மறுப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது கோலிக் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நம் வீட்டுப் பரணில் கிடக்கிற ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சங்கு, அதாவது பாலாடை. வெள்ளியிலோ பித்தளையிலோ நீண்ட மூக்கோடு செய்த அந்தச் சிறு பாத்திரத்தில் நிப்பிள் இல்லை, வால்வு இல்லை, கண்ணுக்குத் தெரியாத மூலை இல்லை. 1999இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு புட்டி, கிண்ணம், பாலாடை மூன்றையும் ஒப்பிட்டது. பாலாடையில்தான் பிள்ளைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. குறைமாதப் பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து எடுத்த பாலை எவர்சில்வர் பாலாடையில் புகட்டுவது இந்திய மருத்துவமனைகளில் வழக்கமான முறை. இலங்கையின் மிஸி கிண்ணத்தால் செய்கிறதை நம் பாட்டிகள் சங்கால் செய்துவந்தார்கள். வேகமாகச் சாய்த்தால் புரையேறும். பிள்ளை விழித்திருக்க வேண்டும், நிமிர்ந்திருக்க வேண்டும், பாலாடையின் மூக்கைப் பிள்ளையின் உதட்டோரம் வைத்து அது விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். இதை ஒரு தடவை நேரில் காட்டிக்கொடுத்தால் போதும். நடவுக்குப் போகிற தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கிழவிக்கு, பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிற அன்றே அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒரு பாலாடையைக் கொடுத்து, அதைக் காட்டிக்கொடுக்க ஐந்து நிமிடத்தையும் ஒதுக்க வேண்டும்.